விழுப்புரம் போகிற வண்டி

எங்கள் அம்மாவுக்குப் போட்டோ கிடையாது. கல்யாணத்துக்கும் எடுக்கவில்லை, செத்த பிறகும் எடுக்கவில்லை. ஒலக்கூர் பக்கத்துக் கிராமங்களில் அந்தக் காலத்தில் போட்டோ என்பது வசதிக்காரர் சமாச்சாரம். ஆனால் அம்மா சினிமாவில் வந்திருக்கிறாள். கதைப் படத்தில் அல்ல. கொட்டகையில் கதைப் படம் தொடங்குவதற்கு முன்னால் சர்க்கார் படம் ஒன்று போடுவார்கள். அணைக்கட்டு, தொழிற்சாலை, அம்மை குத்துவது என்று வரும். அப்படி ஒரு படத்தில்தான். பட்டணத்தில் ஜனம் பெருத்துப் போனதைப் பற்றி எடுத்த படம் அது. அம்மாவும் அப்பாவும் நானும் ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்கிற நேரத்துக்கு அதில் வருவோம்.

அந்தப் படத்தில் எங்களைப் பற்றிச் சொன்னது எதுவும் நடந்ததில்லை. ஆனாலும் அதனால் எனக்குப் பேசி வைத்திருந்த இடம் தவறிப் போயிற்று. நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தவள். நாலு பேருக்கு நடுவில் வாய் திறந்து பேசவும் வராது. அதனால் இதை இத்தனை காலம் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. எழுதுவது என்றால் எதிரில் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள், அது எனக்குச் சௌகரியமாக இருக்கிறது.

அக்காவை விழுப்புரத்தில் கொடுத்திருந்தது. அத்திம்பேர் மாமா என்றெல்லாம் எங்களில் சொல்வதில்லை, மச்சான் என்போம். மச்சானுக்கு மரவாடியில் வேலை. ஒரு வருஷம் மாமியாரோடு கூட்டுக் குடித்தனம் நடந்தது. பிறகு தனியாக வைத்துவிடலாம் என்று இரண்டு வீட்டிலும் பேசி முடித்தார்கள். பெண்ணைத் தனிக்குடித்தனம் வைப்பது எங்கள் பக்கத்தில் பிறந்த வீட்டுக்காரர் கடமை. கல்யாணச் சீர் வேறு, இது வேறு. அடுப்பில் வைக்கிற சட்டியிலிருந்து படுக்கிற பாய் வரைக்கும் எல்லாம் புதிதாக வாங்கி, நல்ல நாள் பார்த்து, நாமே சுமந்துகொண்டு போய் இறக்க வேண்டும். வண்டிக்காரனிடம் கொடுத்தனுப்பினால் பேச்சு வரும்.

அந்த வருஷம் மல்லாட்டை, வேர்க்கடலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், நன்றாகக் காய்த்திருந்தது. அப்பா திண்டிவனம் பாத்திரக் கடையில் பித்தளைத் தவலை, குடம், குத்துவிளக்கு எல்லாம் வாங்கினார். சந்தையில் முறம், பாய், தலையணை, மண்சட்டிகள். எங்கள் நிலத்துக் கேப்பை ஒரு மூட்டை. சாமான் எல்லாம் திண்டிவனத்தில் வாங்கியதால்தான் ஊருக்குப் பக்கத்து ஒலக்கூரில் ஏறாமல் திண்டிவனம் ஸ்டேஷனுக்கு வந்தோம். அம்மா தலையில் தவலை, அதற்குள் சட்டிகள். அப்பா தோளில் பாய்ச் சுருட்டும் மூட்டையும். என் இடுப்பில் குடம், கையில் தலையணை. தாம்பூலத் தட்டை மட்டும் அம்மா ஒரு கையில் பிடித்திருந்தாள். தேங்காய், பூ, மஞ்சள், வெற்றிலை எல்லாம் அதில் இருந்தது.

பிளாட்பாரத்தில் மூன்று கால் வைத்த ஒரு பெட்டியை நிறுத்திக்கொண்டு சில பேர் நின்றிருந்தார்கள். வெள்ளை பேண்ட் போட்ட ஒருவர்தான் தமிழ் பேசினார். பெட்டிக்குப் பின்னால் கண் வைத்திருந்தவருக்குத் தமிழ் தெரியாது. வெள்ளை பேண்ட்காரர் அப்பாவிடம் வந்தார்.

"பெரியவரே, அந்தக் கம்பத்துலேருந்து நடந்து வந்து வண்டியில ஏறுங்க. நாங்க படம் புடிக்கிறோம்."

"இன்னாத்துக்குங்க?"

"சர்க்கார் படம். ஊர் ஊரா கொட்டகையில போடுவாங்க."

"பொண்ணுக்குத் தனிக்குடித்தனம் வைக்கப் போறோங்க. சீர் எடுத்துக்கினு போறோம்."

"நல்லதுங்க. அப்படியே நடங்க, போதும்."

அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மூட்டையைச் சரியாகத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்: "உங்க அண்ணன் இன்னா சொன்னான்? மானம் பாத்த பூமிய வெச்சிக்கினு இவன் எங்க சீர் செய்யப்போறான்னு சொன்னான் இல்ல? கொட்டகையில போய் பாக்கட்டும்."

"அவனை எதுக்கு இப்ப இழுக்குற? பாயைக் கீழ தேய்க்காம நட" என்றாள் அம்மா.

முதல் தடவை நடந்தபோது பெட்டிக்காரர் ஏதோ சொன்னார். வெள்ளை பேண்ட்காரர் ஓடி வந்தார். "அம்மா, அந்தத் தட்டு வெயில்ல கண்ணாடி மாதிரி அடிக்குதாம். அதை மட்டும் கீழ வெச்சிட்டு வாங்க." அம்மா யோசித்தாள். மங்கலப் பொருளைத் தரையில் வைப்பதா என்று. அப்பாதான் வாங்கிச் சிமெண்டு பெஞ்சு மேல் வைத்தார். "சிரிக்காம நடங்க. பொண்ணு, நீ ஏறும்போது ஒரு தடவை இந்தப் பக்கம் திரும்பிப் பாரு."

எனக்கு ஆண்கள் முன்னால் தலை தூக்கவே வராது. அத்தனை பேரும் என்னையே பார்க்கிறார்கள். வண்டிப் படியில் கால் வைத்துத் திரும்பினேன். கூச்சத்தில் தாவணி முனையை இழுத்து முகத்தில் வைத்துக்கொண்டேன். அவ்வளவுதான். பெட்டிக்காரர் கை தூக்கினார், நன்றாக வந்துவிட்டது என்கிற மாதிரி.

வண்டி கிளம்புகிற நேரத்தில் அம்மாவுக்குத் தட்டு ஞாபகம் வந்தது. வெள்ளை பேண்ட்காரர்தான் அதை எடுத்துக்கொண்டு ஓடி வந்து ஜன்னல் வழியாகக் கொடுத்தார். ஒரு பூ கூட சிந்தவில்லை. கொடுத்துவிட்டுக் கும்பிட்டார். அவர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இல்லை. விழுப்புரத்தில் இறங்கி, அக்கா வீட்டில் பால் காய்ச்சி, சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்தது. தவலையை மூலையில் கவிழ்த்து வைத்துவிட்டு அப்பா அதை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். மணி மாதிரி சத்தம் வந்தது.

அதற்குப் பிறகு எனக்கு இடம் பார்த்தார்கள். கூட்டேரிப்பட்டுப் பக்கம் நல்ல குடும்பம். நிலமும் இருந்தது, ரோட்டோரத்தில் கடையும் இருந்தது. பெண் பார்க்க வந்தபோது நான் மாப்பிள்ளையின் காலை மட்டும்தான் பார்த்தேன். செருப்பு வார் போட்ட இடம் வெளுத்து, மற்ற இடம் கறுத்து இருந்தது. கெட்ட கால் இல்லை. ஆவணியில் பூ வைக்கிறது என்று பேசி எழுந்தார்கள்.

ஆனி மாசம் ஒரு காலையில் மாப்பிள்ளையின் தாய்மாமன் மட்டும் சைக்கிளில் வந்தார். அப்பா கொல்லையில் ஏர் சரிபார்த்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே மோர் சிலுப்பிக்கொண்டிருந்தேன், பேச்சு முழுக்கக் கேட்டது.

"எப்ப வந்தீங்க?" என்று கேட்டார் மாமன்.

"எங்கேருந்து?"

"பட்டணத்துலேருந்துதான்."

"நான் எதுக்குப் பட்டணம் போறேன்? மல்லாட்டை வெதைக்கணும். மழைக்குப் பாத்துக்கினு கெடக்கிறேன்."

மாமன் சொன்னார்: "திண்டிவனத்துல படம் பாத்தேன். நீங்க, உங்க வீட்டம்மா, பொண்ணு, மூணு பேரும் சட்டி பானையத் தூக்கிக்கினு பட்டணத்துக்குப் போறீங்க. மழை இல்ல, நெலம் போச்சு, பொழைக்கப் போறாங்கன்னு சொல்றான். எங்க ஊர்ல பாதிப் பேரு பாத்துட்டாங்க."

அப்பா சிரித்துவிட்டார். "அட, அது சீருங்க. பெரியவளுக்குத் தனிக்குடித்தனம் வெச்சோமே, அன்னிக்குப் புடிச்சது."

"சீருன்னு படத்துல சொல்லலியே."

"வாங்க, நெலத்தையே காட்டுறேன்" என்று அப்பா அவரை அழைத்துப் போனார். ஆனி மாசத்தில் மானாவாரி நிலம் எப்படி இருக்கும்? புல் பூண்டு இல்லாமல், வெடித்துப் போய்க் கிடந்தது. ஆடியில் விதைத்தால்தான் பச்சை. மாமன் அதைப் பார்த்துவிட்டு, "இது உங்க பேருலதான் இருக்குதா, குத்தகையா?" என்று கேட்டாராம். அப்பா திரும்பி வந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

நான் கொண்டுபோய் வைத்த மோரை மாமன் தொடவில்லை. "தப்பா நெனைக்காதீங்க. சர்க்கார் படம் பொய் சொல்லும்னா யாரு நம்புவா? பேச்சு அடங்கட்டும், பாக்கலாம்" என்று சைக்கிள் ஏறினார்.

அப்பா அதுவரைக்கும் கொட்டகைக்குள் போனவர் இல்லை. மறுநாளே வண்டி கட்டி எங்களைத் திண்டிவனம் அழைத்துப் போனார். பெண்கள் பக்கம் தனி, நடுவில் இடுப்புயரச் சுவர். மணல் தரையில் அம்மாவும் நானும் உட்கார்ந்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் அப்பாவின் முண்டாசு தெரிந்தது.

படம் ஓடியது. பட்டணத்தை நான் முதலில் பார்த்தது அப்படித்தான். எறும்புப் புற்று மாதிரி ஜனம். கைவண்டி இழுக்கிறவர்கள், ரிக்‌ஷா இழுக்கிறவர்கள். ஆற்றோரத்தில் குடிசைகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நின்றன. ஒரே குழாயடியில் குடங்கள் ஒரு தெரு நீளத்துக்கு வரிசையாக இருந்தன, ஆள்கள் இல்லை, குடங்கள் மட்டும் நின்றன. நடைபாதையில் குழந்தைகள் தூங்கின. ஒரு அடுக்கு வீட்டு மாடியில் புதிதாகக் குடிவந்த பெண் புடவை உலர்த்தினாள். இவ்வளவு பேரும் எங்கிருந்து வருகிறார்கள் என்று படத்துக்குப் பின்னால் பேசுகிற குரல் கேட்டது. கேட்டவுடன் திண்டிவனம் ஸ்டேஷன் வந்தது.

அம்மா என் கையைப் பிடித்தாள். "ஏ, நான்டி."

அம்மா வீட்டுச் சுவர் உயரத்துக்கு நடந்து வந்தாள். தவலை துளிகூட ஆடவில்லை. பின்னால் அப்பா குனிந்து வந்தார், மூட்டை கனத்தால் குனிந்தது, ஆனால் படத்தில் அது வேறு மாதிரி இருந்தது. கறுப்பு வெள்ளைப் படத்தில் பித்தளையின் மஞ்சள் தெரியாது. புதுத் தவலை பழைய ஈயச் சட்டி மாதிரி தெரிந்தது. தட்டு இல்லை, பூ இல்லை. நான் படியில் கால் வைத்தேன், திரும்பினேன், தாவணியால் முகத்தை மூடினேன். பார்க்கிறவர் யாராக இருந்தாலும் அந்தப் பெண் அழுகிறாள் என்றுதான் சொல்வார்கள். நானே அப்படித்தான் நினைத்தேன். "மழை பொய்த்தது. நிலம் கைவிட்டது. மிஞ்சிய பாத்திரங்களோடு இந்தக் குடும்பமும் பட்டணம் நோக்கிப் புறப்படுகிறது" என்றது குரல். வண்டி நகர்ந்தது. அடுத்த நொடி ஒரு வண்டி பட்டணத்து ஸ்டேஷனில் வந்து நின்று, ஜனம் கொட்டியது.

கதைப் படம் பார்க்காமல் அப்பா எழுந்து வெளியே போனார். நாங்களும் பின்னால் போனோம். டிக்கெட் கொடுக்கிற இடத்தில் கொட்டகை மேனேஜர் உட்கார்ந்திருந்தார்.

"அய்யா, அந்த வண்டி தெக்க போவுது. எஞ்சின் எந்தப் பக்கம்னு பாருங்க. பட்டணம் வடக்க இருக்குது. அது விழுப்புரம் போற வண்டி" என்றார் அப்பா.

"சரிங்க. அதுக்கு நான் இன்னா பண்ணட்டும்?"

"எங்க துண்டை மட்டும் வெட்டிடுங்க."

"இது இன்னா, கறிவேப்பிலையா கிள்ளிப் போட? சர்க்கார் ரீலு. கத்திரி வெச்சா என் லைசென்ஸ் போயிடும், பேஜாரு. வியாழக்கிழமை வரைக்கும் போட்டே ஆவணும். அப்புறம் படப்பொட்டி விழுப்புரம் போயிடும், நீங்க நிம்மதியா இருங்க."

அப்பா அதைக் கேட்டு நிம்மதி அடையவில்லை. பெட்டி விழுப்புரம் போகும், அங்கே அக்காவைக் கொடுத்திருக்கிற சம்பந்தி வீடு இருக்கிறது, அதற்கப்புறம் இன்னும் எந்த ஊருக்கெல்லாம் போகுமோ. வண்டியில் வரும்போது சாலை திரும்புகிற இடத்தில் அம்மா கேட்டாள், "நான் அவ்ளோ கறுப்பாவா இருக்கேன்?"

அப்பா மாட்டைத் தட்டினார்.

"தவலை ஆடல இல்ல? நேராத்தானே நடந்தேன்?"

"வாய மூடிக்கினு வா" என்றார் அப்பா. அம்மா மூடிக்கொண்டாள். ஆனால் இருட்டில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தோன்றியது. எங்கள் வீட்டுக் கண்ணாடி உள்ளங்கை அளவு. தன்னை முழுசாக அவள் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஊரில் பேச்சு வேகமாகப் பரவியது. டீக்கடையில் அப்பாவைப் பார்த்து, "இன்னா பட்டணத்துக்காரரே, வண்டி லேட்டா?" என்பார்கள். "நெலத்த எனக்கே வித்திருக்கலாமே, சர்க்காருக்கு எதுக்குச் சொன்ன?" என்பான் ஒருத்தன். விளையாட்டாகத்தான் சொன்னார்கள். அப்பா முதலில் பதில் சொன்னார், பிறகு டீக்கடைக்குப் போவதை விட்டார். நிலம் வைத்திருக்கிறவன் என்பது தவிர அவரிடம் வேறு பெருமை எதுவும் இருந்ததில்லை. கூட்டேரிப்பட்டிலிருந்து சேதியும் வரவில்லை. தரகர் வந்து, "அவங்களுக்குப் பொண்ணைப் புடிச்சிருக்குது. பேச்சுதான் கொஞ்சம் அடங்கணும்" என்றார்.

"பேச்சை நான் அடக்குறேன்" என்றார் அப்பா.

பெட்டி விழுப்புரம் போனதும் எங்களையும் அழைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனார். அக்கா முழுகாமல் இருந்தாள், அதைப் பார்க்க வந்ததாகப் பெயர். அக்காவுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு விதவை அம்மாள் இருந்தார். ரயில்வேயில் வேலை பார்த்தவர் மனைவி, பெரிய குரல், யாருக்கும் பயப்படாதவர். படம் பார்க்க அவரும் எங்களோடு வந்தார்.

கொட்டகை நிறைந்திருந்தது. பட்டணத்துக் குழாயடி வந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் அப்பாவின் முண்டாசு நகர்வதைப் பார்த்தேன். ஓரமாகவே முன்னால் போனார். திண்டிவனம் ஸ்டேஷன் வந்ததும் திரைத் துணிக்கு முன்னால் போய் நின்று, ஜனத்தைப் பார்த்துக் கும்பிட்டார். வெளிச்சம் அவர் மேல் விழுந்தது. அவருடைய வெள்ளைச் சட்டையில் அம்மாவின் தவலை நடந்து போயிற்று.

"அய்யா, இதுல வர்றது நாந்தான்" என்றார்.

"யோவ், மறைக்குது, உக்காரு" என்று ஒருத்தர் கத்தினார்.

"நான் நெலத்த விக்கல. பொண்ணுக்குச் சீர் எடுத்துக்கினு போனோம். அது பட்டணத்து வண்டி இல்ல, விழுப்புரத்து வண்டி. இந்த ஊருக்குத்தான் வந்தோம்."

"நீதான் அங்க நடந்துக்கினு கீறியே, இங்க எதுக்கு வந்து நிக்கிற?" என்று தரை டிக்கெட்டில் ஒரு குரல் கேட்டது. கொட்டகையே சிரித்தது.

அதற்குள் எங்கள் துண்டு முடிந்து, பட்டணத்து ஜனம் அப்பாவின் சட்டை மேல் இறங்கியது. அப்பாவுக்கு அது தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் நாங்கள் இன்னும் நடக்கிறோம் என்றே நினைத்து, நிலத்தின் எல்லை, மல்லாட்டை, பெரியவள் வீடு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பெஞ்சுக்காரர்கள் சீட்டி அடித்தார்கள். கொட்டகை ஆள் ஒருவர் வந்து அவர் கையைப் பிடித்து, முரட்டுத்தனமாக அல்ல, "வாங்க பெரியவரே" என்று அழைத்துப் போனார். எனக்குத் தலையை மணலுக்குள் புதைத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். பக்கத்து வீட்டு அம்மாள் அவளைத் தோளில் தட்டினார். "எதுக்கு அழுவுற? அந்தத் தவலைதானே உம் பொண்ணு வீட்டுல மூலையில கீது? போன வாரம்கூட நான் வாங்கிக்கினு போய் தண்ணி காய வெச்சேன். யாராவது கேட்டா என்னைக் கூப்பிடு, நான் சொல்றேன்."

யாரும் அவரைக் கேட்கவில்லை. கூட்டேரிப்பட்டுக்குப் போன சேதி வேறு விதமாகப் போயிற்று. நிலம் போன கவலையில் பெண்ணின் அப்பாவுக்குப் புத்தி பிசகிவிட்டது, விழுப்புரம் கொட்டகையில் எழுந்து நின்று கத்தினாராம் என்று. ஆவணி வந்தது, பூ வைக்க யாரும் வரவில்லை. ஐப்பசியில் அந்தப் பையனுக்கு வேறு இடத்தில் முடிந்தது என்று தரகரே வந்து சொன்னார். அந்த வருஷமும் மல்லாட்டை நன்றாகத்தான் காய்த்தது. அப்பா அறுவடைக்கு ஆள்களை அழைக்கும்போது, வேண்டியதற்கு அதிகமாகவே அழைத்தார். எல்லாரும் பார்க்கட்டும் என்று.

பக்கத்து வீட்டு அம்மாளின் தங்கை மகன் விழுப்புரம் எஞ்சின் ஷெட்டில் கரி தள்ளுகிற வேலையில் இருந்தார். அந்த அம்மாளே பேசி முடித்தார். "சட்டியப் பாத்து, பாயைப் பாத்து, எல்லாம் பாத்தாச்சு. பொண்ணு அழுவுறதையும் கொட்டகையில பாத்தாச்சு. இனிமே இன்னா பொண்ணு பாக்குறது?" என்றார். தையில் கல்யாணம். என் தனிக்குடித்தனச் சீரை அப்பா ரயிலில் கொண்டுவரவில்லை. ஒலக்கூரிலிருந்து விழுப்புரம் வரைக்கும் மாட்டு வண்டியில், தாம்பூலத் தட்டை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி முன்னால் வைத்துக்கொண்டு வந்தார். ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ஆயிற்று. வெற்றிலை வாடிப் போயிருந்தது.

நாங்கள் குடியிருந்தது ஸ்டேஷனுக்குப் பின்னால் வரிசை வீடு. பக்கத்து அறையில் ஒரு குடும்பம் வந்து சேர்ந்தது. வந்தவாசிப் பக்கத்தில் கூலி வேலை செய்தவர்கள், பட்டணம் போய்ச் சில வருஷம் ஆற்றோரத்தில் குடிசை போட்டு இருந்தார்கள். அந்தப் பெண் என்னைவிடச் சிறியவள். அவள் புருஷன் கைவண்டி இழுத்தான். குடிசைகள் ஒரு கோடையில் எரிந்ததில் எல்லாம் போய், விழுப்புரம் வந்து மல்லாட்டை மண்டியில் வேலைக்கு நின்றார்கள். பட்டணத்தைப் பற்றிப் பேச மாட்டாள். தண்ணீர் பிடிக்கும்போது மட்டும், "அக்கா, இங்க குடத்த வெச்சிட்டுப் போனா குடம் இருக்குது" என்பாள்.

என் இரண்டாவது குழந்தை பிறப்பதற்கு முன்னால் அம்மா போய்விட்டாள். காய்ச்சல் என்று படுத்தாள், எழுந்திருக்கவில்லை. காரியம் முடிந்து படையல் வைக்கும்போது படம் வைக்க இல்லாமல் ஒரு குடத்தில் தண்ணீர் வைத்து, மஞ்சள் பூசி, புடவை சாத்தினோம். அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் அடிக்கடி என் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். வந்தால் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அப்படி வந்திருந்த ஒரு நாள் சர்க்கார் விளம்பர வேன் ஒன்று எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூட மைதானத்துக்கு வந்தது. இரண்டு மூங்கில் நட்டு வெள்ளைத் துணி கட்டினார்கள். காசு கிடையாது. பொழுது சாய்ந்ததும் வரிசை வீட்டு ஜனம் எல்லாம் போய்த் தரையில் உட்கார்ந்தது. நானும் அப்பாவும் குழந்தையும் போனோம். பக்கத்து அறைப் பெண் என் தோளை ஒட்டி உட்கார்ந்தாள். என் வீட்டுக்காரருக்கு அன்றைக்கு ஷெட்டில் வேலை.

முதலில் அம்மை குத்துகிற படம் போட்டார்கள். அடுத்தது தொடங்கியதும், கைவண்டிகளைப் பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. படம் பழசாகி, மழை பெய்கிற மாதிரி கோடு விழுந்திருந்தது. நான் அப்பாவைப் பார்த்தேன். அவருக்கும் தெரிந்துவிட்டது. குழாயடி வந்தது, குடங்கள் வந்தன. அப்பா குழந்தையை என் மடியில் கொடுத்தார். ஒரு கையைத் தரையில் ஊன்றினார், எழுந்திருக்கிறவர் மாதிரி. எனக்கு விழுப்புரம் கொட்டகை ஞாபகம் வந்தது.

ஸ்டேஷன் வந்தது. அம்மா தவலையோடு நடந்து வந்தாள்.

அப்பா ஊன்றிய கையை எடுக்கவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. அம்மா அந்தத் துணியில் எவ்வளவு பெரிதாக இருந்தாள். காற்றில் துணி உப்பியபோது அவளும் மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. மழை பொய்த்தது என்று குரல் சொன்னது, நிலம் கைவிட்டது என்று சொன்னது. அப்பா அதைக் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது.

பக்கத்து அறைப் பெண் என் கையைப் பிடித்தாள். "அக்கா, எங்க மாமியாரும் இப்பிடித்தான் பானையத் தலையில வெச்சிக்கினு வந்தாங்கோ. இந்தப் பொண்ணு அழுவுது பாரு. நானும் வண்டியில ஏறும்போது இப்பிடித்தான் மூஞ்ச மூடிக்கினு அழுதேன். என்னையே புடிச்ச மாதிரி கீது."

அது நான்தான் என்று அவளுக்குத் தெரியவில்லை. நான் அழவில்லை, கூச்சப்பட்டேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? அவள் அழுதது நிஜம்.

அவள் என்னைத் தாண்டி அப்பாவிடம் கேட்டாள்: "இன்னா தாத்தா, அது உங்க பக்கத்து ஊரா? பாத்த எடம் மாதிரி கீதா?"

அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். சீர் என்று சொல்லுவார், தெற்கே போகிற வண்டி என்று சொல்லுவார் என்று நான் காத்திருந்தேன். "திண்டிவனம் ஸ்டேஷன்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். வண்டி போய்விட்டிருந்தது. துணியில் பட்டணத்து ஜனம் இறங்கி நடந்துகொண்டிருந்தது. அப்பா அந்தக் கூட்டத்தில் யாரையோ தேடுகிற மாதிரி கடைசி வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் முடிந்து ஜனம் கலைந்தது. வேன்காரர் ரீலைச் சுற்றிக்கொண்டிருந்த இடத்துக்கு அப்பா போனார். நான் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கொஞ்ச தூரத்தில் நின்றேன்.

"தம்பி, நாளைக்கு எந்த ஊர்ல போடுவீங்க?"

"வளவனூருங்க, பெரியவரே. எதுக்கு?"

"இதே படம்தானா?"

"இதேதான். வேற இன்னா கீது எங்ககிட்ட?"

மறுநாள் மத்தியானம் அப்பா முகம் கழுவி, துவைத்த துண்டு கேட்டார். நான் எடுத்துக் கொடுத்தேன். கஞ்சி குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். நின்றபடியே குடித்தார்.

"பொழுது சாயத்தானே போடுவாங்க, இப்பவே எதுக்குப்பா?" என்றேன்.

"முன்னாடி யாரும் எழுந்து நிக்காத எடமா பாத்து உக்காரணும்" என்று சொல்லிவிட்டு, வளவனூர் பஸ்ஸுக்கு நடந்தார்.